தாம்பரமும் திருநெல்வேலியும்: ஒரே காந்த அலை, இரண்டு ஊர்கள்

சென்னைப் பக்கம் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. அதன்மேல் ஓயாமல் சிற்றலைகள் ஓடுகின்றன. நம் அட்சரேகையில் பெரும்பாலும் ஒரு நானோடெஸ்லா அளவுக்கே எழும்பும். பல, சூரியக் காற்று பூமியின் காந்தக் கோளத்தில் மோதுவதால் பிறப்பவை. 1859 சூரியப் புயலின்போது லண்டனை அடுத்த கியூ ஆய்வகப் பதிவுகளில் பால்ஃபர் ஸ்டூவர்ட் இவற்றைக் கண்டறிந்தார்.

தாம்பரத்துக்கும் திருநெல்வேலிக்கும் வருவது ஒரே அலைதான். ஆனால் வானமும் தரையும் வேறு.

நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய அந்த வானத்தில், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலில் கிழக்கு நோக்கி ஒரு பட்டையாக மின்னோட்டம் பாய்கிறது. நிமிடக்கணக்கில் ஆடும் அலைகளை அது பெரிதாக்கும். சுமார் 20 விநாடிக்குக் குறைவான வேக அலைகளையோ மங்கச் செய்யும். தாம்பரம் அந்தப் பட்டைக்கு வெளியே இருப்பதால் வேக அலைகள் இங்கே குன்றாமல் வந்து சேரும். இந்த ஒன்றில் தாம்பரமே மேல்.

தரைக்கு வந்தால் கதை மாறுகிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. அப்படிப்பட்ட ரயில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் தண்டவாளத்திலும் மண்ணிலும் பாயும் மின்னோட்டம் விநாடி, நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும். இயற்கை அலையின் கால அளவும் அதுவே என்பதால் பிரித்தறிவது பெரும்பாடு. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதுமே கொலாபா ஆய்வகத்தின் காந்தப் பதிவை அலிபாகுக்கு மாற்றினார்கள். 1904இல் அங்கே பதிவு தொடங்கியது. தாம்பரம் பாதையோ 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. விநாடிக்கு 50 முறை ஆடும் அந்த இரைச்சலை வடிகட்டிவிடலாம். ஜி.எஸ்.டி. சாலை லாரியின் இரும்பைத்தான் வடிகட்ட முடியாது. சில பத்து மீட்டர் தள்ளிப் போனாலே காந்தமானியின் கோடு துள்ளும்.

பல்லாவரம், வண்டலூர் குன்றுகளின் சார்னோக்கைட் பாறையில் மேக்னடைட் உண்டு. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை: அது புலத்தின் அளவைச் சற்று மாற்றுமே தவிர, தானாக ஆடாது.

இரவில் அந்த வான மின்னோட்டம் ஓய்ந்துவிடும். நள்ளிரவையொட்டி எழும் 40 முதல் 150 விநாடி அலைகளில் அப்போது இரண்டு ஊர்ப் பதிவும் நெருங்கி வரும். கடைசி லோக்கல் போனபின் தாம்பரத்திலும் அதைப் பிடிக்க வாய்ப்புண்டு. பகலில் நெல்லையின் அலை எவ்வளவு பெருத்தது என்று அளக்கவும் பட்டைக்கு வெளியே ஓர் இணை நிலையம் தேவை. வண்டலூர்க் காட்டுக்குள், சாலையும் தண்டவாளமும் எட்டாத இடத்தில் ஒரு காந்தமானி வைத்தால் அந்த வேலைக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.