அட்டைக் கட்டணத்தை யார் சுமப்பது? மிகைக்கட்டணத் தடையும் தீவக நுகர்வோரும்

"கார்ட் எண்டால் ரெண்டரை வீதம் கூட வரும்" என்று கடையில் சொன்னால், அது விதிமீறல். அட்டைக்காக மேலதிகமாக அறவிடும் மிகைக்கட்டணம், அட்டை இயந்திரம் தந்த வங்கியோடு வணிகர் செய்த உடன்படிக்கைக்கு முரணானது என்பதே இலங்கை மத்திய வங்கியின் நிலைப்பாடு. ஆனால் இத்தடை செலவை ஒழிப்பதில்லை, அதை மறைக்கிறது. மறைந்த செலவு யார் தலையில் விழுகிறது என்பதே இங்கு கேள்வி.

ஒவ்வொரு அட்டை விற்பனையிலும் வணிகர் ஒரு பங்கை இழக்கிறார். அட்டை வழங்கிய வங்கி, இயந்திரம் தந்த வங்கி, அட்டை வலையமைப்பு ஆகிய மூன்றும் அதைப் பகிர்கின்றன. ஒரு கடையின் விற்பனை 1,00,000 ரூபாய், அதில் பாதி அட்டைவழி, கட்டணம் 2.5 வீதம் எனக் கொள்வோம். செலவு 1,250 ரூபாய். தனியாக அறவிட முடியாத வணிகர் அதை எல்லா விலையிலும் ஏற்றினால், ஏறக்குறைய 625 ரூபாயைக் காசு கொடுத்தவர்களே கட்டுகிறார்கள்.

யார் அவர்கள்? யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் தெரியும். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருபவரிடம் அட்டை இருக்கிறது. வெளிநாட்டு அட்டைக்கு வணிகர் கொடுக்கும் கட்டணம் பொதுவாகக் கூடுதல். வெகுமதிப் புள்ளிகளோ அட்டைதாரருக்கு. நெடுந்தீவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கும் கடற்றொழிலாளி காசு கொடுக்கிறார். நகரக் கடையின் ஒரே விலையில் இருவரும் வாங்கும்போது, இல்லாதவர் இருப்பவருக்கு மானியம் கொடுக்கிறார். இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் தடையை நீக்கலாமா? அவுஸ்திரேலியா 2003இல் மிகைக்கட்டணத்தை அனுமதித்தது. சில வணிகர்கள் உண்மைச் செலவுக்கு மேல் அறவிட்டதால் 2016இல் அதற்கு வரம்பு கட்டியது. 2025இல் அந்நாட்டு மத்திய வங்கியே பெரும்பாலான அட்டைகளுக்கு மிகைக்கட்டணத்தை நீக்க முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் சென்றது. வங்கிகளுக்கிடையிலான கட்டணத்தைப் பற்று அட்டைக்கு 0.2, கடன் அட்டைக்கு 0.3 வீதமாக 2015இல் முதலில் கட்டுப்படுத்தியது. அதன் பிறகே, 2018 ஜனவரியில், மிகைக்கட்டணத்தைத் தடை செய்தது. இந்த வரிசை முக்கியமானது. இலங்கையிலும் கியூஆர் குறியீட்டை வருடிச் செலுத்தும் லங்கா கியூஆர் கொடுப்பனவில் வணிகர் கொடுக்கும் கட்டணத்துக்கு 1 வீத உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதே ஒழுங்கு பன்னாட்டு வலையமைப்பு அட்டைகளுக்கும் வேண்டும்.

வரம்பை எந்த அளவில் வைப்பது? பொருளியலாளர்களான ரோஷேயும் திரோலும் முன்வைத்த "சுற்றுலாப் பயணிச் சோதனை" இதற்கு உதவும்: கையில் காசோடு நிற்கும், மீண்டும் வராத பயணி அட்டையை நீட்டினால், வணிகர் மனமுவந்து வாங்கும் அளவுக்கே கட்டணம் இருக்க வேண்டும். அதாவது, காசைக் கையாளும் செலவைவிட அது அதிகமாகக் கூடாது. காசும் இலவசமல்ல என்பதை இச்சோதனை ஒப்புக்கொள்கிறது. தீவகத்தில் அச்செலவு நகரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே கொழும்புப் பேரங்காடிகளை மட்டும் அளந்து வரம்பு கட்டினால் பிழையாகும். நயினாதீவு, நெடுந்தீவுக் கடைகளையும் அளக்க வேண்டும்: காசை வங்கிக்குக் கொண்டுபோகும் படகுக் கூலி, அதற்காகக் கடை பூட்டிய நேரம், கடல் கொந்தளிக்கும் நாட்களில் பெட்டியில் தேங்கும் பணம் உட்பட.