சிங்க்கின் கீழே ஒரு வளைவு

நெய்வேலி நகரியத்திலோ கம்மாபுரத்திலோ உள்ள உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிப் பொருத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறு வாரமே சிங்க்கில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. அடியிலுள்ள வளைந்த குழாயை எடுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டலாமே என்று தோன்றும். வேண்டாம்! அந்த வளைவுக்கு 250 ஆண்டு வரலாறு உண்டு.

லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் கழிப்பறைக் குழாயை 'எஸ்' எழுத்துப்போல் வளைத்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கும்; சாக்கடையின் நாற்றமும் நச்சுவாயுவும் அந்நீரைத் தாண்டி மேலே வாரா. எவ்வளவு எளிய பூட்டு, பாருங்கள்! பிற்காலத்தில் இதன் மாற்று வடிவங்கள் சமையலறைக்கும் வந்தன.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் அம்மையார் காப்புரிமை பெற்றது 1886-இல். (வேலையாட்கள் கழுவுகையில் அவருடைய பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்தனவாம், அந்தக் கோபத்தில் பிறந்த கருவி!) இன்றைய இயந்திரம் அழுக்கு நீரைப் பம்பினால் வேகமாகத் தள்ளுகிறது. பெரும்பாலும் அது சிங்க்கின் குழாயிலேயே வந்து கலக்கிறது. அங்கே ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால், நீர் போக வழியின்றிச் சிங்க்கில் ஏறி நிற்கும். சுடுநீரில் உருகிய கொழுப்பும் ஆறியதும் குழாய்க்குள் உறைந்துவிடுகிறது.

ஆகவே, இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிங்க்கில் மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் மெதுவாக இறங்கினால் அடைப்பு குழாயில்தான். அடியில் ஒரு வாளியை வைத்து, வளைவைக் கழற்றிப் பிசுக்கை நீக்குங்கள்; பிறகு அதே வளைவை மாட்டுங்கள்.