போதோனியின் சாய்வெழுத்து: பார்மா அச்சகத்தின் ஒரு வடிவ மரபு

'இத்தாலிக்' என்னும் எழுத்து வகையைத் தமிழில் 'சாய்வெழுத்து' என்கிறோம். இப்பெயர் பாதி உண்மையையே உணர்த்துகிறது. 1501இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூத்தியசு வெளியிட்ட வெர்ஜில் பதிப்புக்குப் பிரான்செசுகோ கிரிஃபோ வெட்டிய அச்செழுத்துகளில் தலைப்பெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்தன. அவற்றின் மூலம் மறுமலர்ச்சிக் காலப் புலவர்தம் விரைவுக் கையெழுத்தாகும். எனவே சாய்வு விளைவேயன்றி இயல்பன்று. வேறொரு கையின் ஓட்டம் என்பதே அதன் இயல்பு. முழுநூலைத் தாங்கிய அவ்வெழுத்து காலப்போக்கில் நூற்பெயர் குறிக்கவும் சொல்லுக்கு அழுத்தம் தரவும் மட்டுமே பயன்படும் துணையெழுத்தாயிற்று.

அதற்குத் தனிப்பொலிவை மீட்டுத் தந்தோருள் ஜாம்பத்திஸ்தா போதோனி (1740–1813) குறிப்பிடத்தக்கவர். சலூச்சோவில் அச்சுத்தொழிற் குடும்பத்தில் பிறந்த இவர், உரோமில் மறைபரப்புப் பேராயத்தின் அச்சகத்தில் கீழை நாட்டு எழுத்துகளோடு பழகி, 1768இல் பார்மா கோமகனின் அச்சகப் பொறுப்பை ஏற்றார். 1771ஆம் ஆண்டு மாதிரிநூலில் பாரிசு நகரப் பூர்னியேயின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது. பின்வந்த இருபதாண்டுகளில் அக்கடன் தீர்ந்தது. தண்டுகள் தடித்தன, இணைப்புக் கோடுகளும் செரிஃப் எனப்படும் முனைக்கோடுகளும் மயிரிழையாயின.

இம்மாற்றத்தின் வேர் எழுதுகருவியில் உள்ளது. ஆல்டசு காலத்துப் பட்டைமுனைப் பேனாவில் கோட்டின் பருமனைத் திசை முடிவு செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கூர்முனைப் பேனாவிலோ விரலழுத்தம் முடிவு செய்தது. மையில் எளிதான மயிரிழை உலோகத்தில் எளிதன்று. சாய்வெழுத்தில் உடற்கட்டைக்கு வெளியே நீளும் வளைவுகள் ஒடியக்கூடியவை; சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடு சிதையும். எழுதும் கலையைக் கற்பித்த பர்மிங்காம் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெர்ஜிலை அச்சிடக் கையாண்ட வழவழப்பான தாளும், அச்சிட்ட தாளைச் சூடேற்றி அழுத்திய முறையும் இவ்வடிவத்துக்கு வழி திறந்தன. ஒவ்வோர் அளவுக்கும் எஃகு உளியச்சு தனியே வெட்டப்பட்டதால், பேரளவில் நுண்மையையும் சிற்றளவில் உறுதியையும் காக்க இயன்றது. ஒரே வரைவைச் சுருக்கியும் விரித்தும் ஆளும் இன்றைய கணினி எழுத்துருவில் அவ்வாய்ப்பு பெரும்பாலும் இழக்கப்படுகிறது. தலைப்புக்கென வரைந்த எழுத்தைப் பத்தியில் இட்டால் கோடுகள் மறைந்து தண்டுகள் மட்டும் வேலிக்கால் போல் நிற்பது இதனாலேயே.

போதோனி மறைந்தபின், அவர்தம் துணைவியார் மார்கரீத்தா தல்லாலியோ 1818இல் 'மனுவாலே தீபோகிராஃபிகோ'வை இரு தொகுதிகளாக வெளியிட்டார். கைம்பெண் ஒருவர் முடித்துவைத்த இப்பெரும்பணி அச்சு வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. வில்லியம் மோரிசு இவ்வகை எழுத்தைக் கடிந்தொதுக்கினார். எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மோரிசு புல்லர் பென்டன் அதற்குப் புத்துருக் கொடுத்தார். பின்னர் ஆடை அலங்கார இதழ்களின் முகப்புகள் இம்மரபைத் தமதாக்கின.

தமிழ் எழுத்தின் நெடிய வரலாறு வேறு. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குத் தடிப்பு வேறுபாடு இல்லை. இன்று தமிழ்க் கணினி எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு என்பது நிமிர்வடிவத்தை மென்பொருள் சில பாகை சரித்துக் காட்டுவதே; சுழிகள் நசுங்குகின்றன, கையோட்டம் எதுவும் உள்ளே வருவதில்லை. தமிழர்தம் விரைவுக் கையெழுத்தில் சுழியும் கொம்பும் எவ்வாறு இணைகின்றன என்பதிலிருந்தே அத்தகைய துணையெழுத்தை வரையத் தொடங்க வேண்டியிருக்கும்.