கன்டெய்னருக்குள் ஒரு கெமிக்கல் பேக்டரி

நான் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் எல்லாமே 'பேட்ச்' முறைதான். ரியாக்டரில் மூலப்பொருளை ஊற்று, சூடாக்கு, ஆறவிடு, இறக்கு, கழுவு. சரக்கு மாறும்போதெல்லாம் கழுவுவதற்கே ஒரு ஷிப்ட் போய்விடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இன்று நினைத்தால் உறுத்துகிறது.

இடைவிடாமல் ஓடும் கன்டினியுவஸ் பிளான்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது ஒரே சரக்கைத்தான் மலைமலையாகத் தயாரிக்கும், முதலீடும் பெரிது.

இரண்டிலும் உள்ள நல்லதைச் சேர்க்க, 2009-ல் ஐரோப்பாவில் 'எஃப்3 பேக்டரி' என்ற ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் பணம் கொடுத்தது. பேயர், பிஏஎஸ்எஃப், எவோனிக் என்று சந்தையில் போட்டி போடுகிறவர்கள், பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்! ஜெர்மனியின் லெவர்குசனில், கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் அளவுப் பெட்டிக்குள் பிளான்ட்டையே அடக்கினார்கள். ரியாக்டர், பம்பு, குழாய் எல்லாம் உள்ளே. மின்சாரமும் தண்ணீரும் வெளியிலிருந்து கொடுத்தால் போதும். சரக்கு மாறினால் உள்ளிருக்கும் மாட்யூலை மாற்றிக்கொள்ளலாம். திட்டம் 2013-ல் முடிந்தது.

இதைப் பழைய ஷிப்ட் நண்பரிடம் சொன்னேன். "கழுவுற தண்ணி எங்கய்யா போகும்?" என்றார் முதல் கேள்வியாக.