கானின் ஆணையில் ஒரு சிவன் கோயில்

1240 டிசம்பரில் பாது கானின் மங்கோலியப் படை கீவ் நகரைச் சூறையாடியது. அதன்பின் ரஷ்ய இளவரசர்கள் வோல்கா பக்கத்துச் சராய் நகருக்குப் போய்க் கானிடம் பட்டயம் வாங்கித்தான் ஆள முடிந்தது. கப்பமும் தவறக்கூடாது. திருச்சபைக்கு மட்டும் சலுகை: 1267-இல் அப்போதைய கான் மெங்கு திமூர் வரிவிலக்கு தந்தார். பாதிரிமார் கானுக்காகப் பிரார்த்தித்தால் போதும்.

ஏறத்தாழ இதே பேரம் சீனத்தில் தமிழருக்கும் வாய்த்தது.

தென்னிந்திய வணிகர் புழங்கிய சுவான்சௌ துறைமுகம் 1270-களில் மங்கோலியரான குப்ளாய் கான் வசமானது. 1956-இல் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அடியில் ஒரு வரி சீனம். சகம் 1203, சித்திரை, அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் பர்மான் (ஆணை) பெற்று, கானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கீவை எரித்த அதே குலத்தின் ஆட்சி! வாளைவிட வணிகம் லாபம் என்று கணக்குப் போடவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கோயில் இன்றில்லை. லிங்கத்தை யானை பூசிக்கும் புடைப்புச் சிற்பம் அவ்வூரில் கிடைத்திருக்கிறது. கண்ணன் லீலைகள் செதுக்கிய தூண்களோ கையுவான் பௌத்தக் கோயிலைத் தாங்குகின்றன.