கொழும்புக் கட்டடங்களின் ஆரம்பகால ஒளிப்படங்கள்

பாரிஸில் டாகேரின் ஒளிப்பட முறை 1839இல் வெளியானது. மறு ஆண்டே எழுத்தாளர் தியோபில் கோத்தியேயும் யூஜீன் பியோவும் கேமராவுடன் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார்கள். 1850களில் சார்ல்ஸ் கிளிஃபர்ட் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் படமெடுத்தார். ஐரோப்பாவின் இஸ்லாமியக் கட்டடக்கலை இப்படித் தொடக்கத்திலேயே கேமராவின் கண்ணில் பட்டுவிட்டது. கொழும்பிலும் கேமரா சீக்கிரமே வந்திறங்கியது. ஆனால் படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் கேட்டது வேறு: அரசாங்கத்துக்குப் பழைய நகரங்களின் படங்கள், பயணிகளுக்கு ஆல்பங்கள்.

கல்கத்தாவில் கல்லச்சுத் தொழில் செய்த பிரெடெரிக் ஃபீபிக் 1852இல் இலங்கைக்கு வந்து படமெடுத்தார். உப்புக் கரைசல் பூசிய தாளில் அச்சிட்டு, மேலே கையால் வண்ணம் தீட்டுவது அவர் வழக்கம். சென்னை, கல்கத்தா, இலங்கைப் படங்கள் அடங்கிய அவருடைய ஏறத்தாழ 500 ஒளிப்படங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856இல் வாங்கியது. அவை இன்று லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

அடுத்து அரசாங்கமே படம் எடுப்பித்தது. ஆளுநர் ஹெர்கியூலிஸ் ரொபின்சன் 1868இல் அமைத்த தொல்லியல் ஆணைக்குழுவுக்காக ஒளிப்படக்காரர் ஜோசப் லோட்டன் 1870–71இல் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களுக்குப் போனார். அப்போது புழக்கத்தில் இருந்தது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அந்த வெயிலில் எல்லாம் சில நிமிட வேலை. இருட்டறைக் கூடாரம், இரசாயனப் போத்தல்கள், கண்ணாடித் தகடுகள் அத்தனையையும் காட்டுக்குள் சுமந்து போயாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் அந்தப் படங்களில் நடுக்கமோ அவசரமோ தெரியவில்லை. இலங்கைக் கட்டடப் படங்களில் இவற்றுக்கே முதலிடம் கொடுக்கலாம். லோட்டன் 1872இல் இறந்தார்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் தொடங்கிய கொழும்பு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. காலியில் தரித்த கப்பல்கள் கொழும்புக்கு மாறின. கரையிறங்கிய பயணிகளுக்கு ஸ்கீன், ஸ்கோவன், 1890 முதல் பிளாட்டே ஆகிய ஸ்டூடியோக்கள் ஆல்பங்களை விற்றன.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், மக்கள் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி, இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. அங்கே கடை வைத்திருந்த தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் அதைத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. முறைப்படி கட்டடக்கலை படித்தவரல்லர். இந்திய, இஸ்லாமிய அம்சங்கள் கலந்த இந்தோ-சரசனிக் பாணிக் கட்டடங்களைப் பற்றி வணிகர்கள் கொடுத்த படங்களையும் விவரங்களையும் வைத்தே அவர் வேலையைத் தொடங்கினார். சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பாணியில் 1892இல் எழுந்திருந்தது. மற்ற இடங்களில் கட்டடம் நின்ற பிறகு படம் வந்தது. இங்கே படம் வந்த பிறகு கட்டடம் எழுந்தது.

சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டைகள், மாதுளம்பழ வடிவக் குவிமாடங்கள், சுழல் கோடிட்ட தூண்கள் ஆகியவற்றால் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்களுக்கு அந்தப் பள்ளி அடையாளமாயிற்று. தபாலட்டைகளிலும் ஏறியது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு வெறும் சாம்பலாகிவிடும். பட்டை தெரியுமே தவிர நிறம் தெரியாது. ஃபீபிக் தாளில் வண்ணம் தீட்டியதற்கும் இந்தக் குறைதான் காரணம்.

1975இல் ஹாஜி ஒமர் அறக்கட்டளை பக்கத்து வளவுகளை வாங்கிப் பள்ளியை விரிவாக்கத் தொடங்கியது. இப்போது அங்கே 10,000 பேர் வரை தொழலாம். 1909இல் இருந்த அளவையும் சுற்றுப்புறத்தையும் அறியப் பழைய தபாலட்டைகளைத்தான் பார்க்க வேண்டும்.