முதல்ல வந்தவன் தோத்த ரேஸ்

எலக்ட்ரிக் கார்ல நெடும்பயணம் போய்ட்டு வர்ற யாரைக் கேட்டாலும் முதல்ல காரைப் பத்திப் பேச மாட்டாங்க. "சார்ஜ் போட எங்க நின்னோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம்"ங்கற கதைதான் வரும். இந்தப் புலம்பலுக்கு வயசு அம்பதுக்கு மேல ஆச்சு மக்கா!

1968. லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்கப் புகைமூட்டம். கால்டெக்ல படிச்சிட்டிருந்த வாலி ரிப்பல், இதுக்குத் தீர்வு மின்சாரக் கார்தான்னு நம்பினார். 1958 மாடல் ஃபோக்ஸ்வேகன் வேன் ஒண்ணுல பேட்டரியும் மோட்டாரும் மாட்டி, நாட்டோட மறுகோடியில இருந்த எம்.ஐ.டி.யை வம்புக்கு இழுத்தார். இவங்க பசடேனால இருந்து கேம்பிரிட்ஜ் போகணும், அவங்க அங்கிருந்து இங்க வரணும். தூரம் சுமார் 5,300 கி.மீ. ஆகஸ்ட் 26 அன்னிக்கு ரெண்டு வண்டியும் கிளம்பிச்சு.

கால்டெக் வேன்ல இருந்தது ஈய பேட்டரி. எம்.ஐ.டி.யோட கோர்வேர் கார்ல இருந்தது விலை உயர்ந்த நிக்கல் காட்மியம். பணக்காரப் பையனும் பக்கத்து வீட்டுப் பையனும் மோதுற தமிழ்ப்படம் மாதிரிதான் :-)

ஆனா உண்மையான ஹீரோ ரெண்டு வண்டியுமே இல்லைங்கறது என் கட்சி. வழி நெடுக சுமார் 100 கி.மீ.க்கு ஒண்ணா, மொத்தம் 54 இடத்துல சார்ஜ் ஏத்த ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அது இல்லேன்னா ரெண்டு வண்டியும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. வேகமா சார்ஜ் ஏத்தினா பேட்டரி சூடாகும், அதுக்கு ஐஸ்கட்டியைக் கொட்டிக் குளிர வச்சாங்க. இன்னிக்குக் கார்கள்ல பேட்டரியைக் குளிர்விக்கத் தனி அமைப்பே இருக்கு. பிரச்சினை அதேதான், ஐஸ் வாளிதான் போயிடுச்சு.

அரிசோனாவுல கால்டெக் மோட்டார் படுத்துடுச்சு. வேற மோட்டார் வந்து சேர கிட்டத்தட்ட ஒரு நாள் போச்சு. அந்தப் பக்கம் எம்.ஐ.டி. சுமார் ஒன்றரை நாள் முன்னாடியே பசடேனா வந்துட்டாங்க. ஆனா கடைசிக் கட்டத்துல மோட்டார் போய், வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தாங்க. இழுத்த தூரத்துக்கெல்லாம் அபராத நேரம் உண்டு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, சுமார் 210 மணி நேரத்துல செப்டம்பர் 4 அன்னிக்குப் போய்ச் சேர்ந்த கால்டெக் வெறும் அரை மணி நேர வித்தியாசத்துல ஜெயிச்சது!

சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. சைக்கிளை நல்லா மிதிச்சாலே வந்துடும்னு சிரிக்கலாம். ஆனா இன்னிக்கு அதே அமெரிக்காவைக் கடற்கரைக்குக் கடற்கரை ரெண்டு நாளுக்குள்ள மின்சாரக் கார்ல கடந்திருக்காங்க.

ரிப்பல் விடல. 1990ல ஜி.எம். காட்டின இம்பாக்ட் காருக்கு உழைச்சார். அதுல இருந்து பிறந்த இ.வி.1 கார்களைக் கம்பெனியே திரும்ப வாங்கி, பெரும்பாலானதை நசுக்கிடுச்சு. அதுக்கப்புறமும் டெஸ்லாவுல போய் வேலை பார்த்தார்.

பொட்டி தட்டுற நமக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. அந்த ரேஸ்ல பேட்டரி, மோட்டார் ரெண்டும் மாணவர்கள் கையில இருந்தது. 54 சார்ஜ் நிலையங்கள் ரேஸோட முடிஞ்சு போச்சு. கார் செய்யறவன் ஒருத்தன் போதும். வழி போட ஊரே வேணும். அந்த ஊர் கூடி வரத்தான் இத்தனை வருஷம் ஆயிருக்கு.